நாலாவது ஆணி

இப்போதெல்லாம் எவனும் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பதில்லை. பேனாவைக் கொடுத்தால் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போகிறான். குடையைக் கொடுத்தால் அடுத்த மழைக்கு அது அவன் தலைக்கு மேல்தான் விரிகிறது. கேட்டால், "அட, அது உங்களுதா?" என்று சிரிக்கிறான். திருடினான் என்று சொல்லவும் முடியாது, திருடவில்லை என்று விட்டுவிடவும் முடியாது. இந்தக் காலத்து மனுஷனின் லட்சணமே இதுதான் என்பது எண்ணிக்கைக்காரரின் முடிந்த முடிவு.

நான்காவது ஆணி காலியாக இருப்பதைப் பார்த்த அன்று அந்த முடிவு இன்னும் கொஞ்சம் இறுகியது.

எண்ணிக்கைக்காரர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். அவர் கார் மெக்கானிக். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், அதில் அவர் ஒருவர்தான். கழற்றும் போல்ட்டையெல்லாம் எண்ணித் தட்டில் போடுவார், மாட்டும்போது எண்ணி எடுப்பார். ஒன்று குறைந்தால் முதலில் தரையைப் பார்க்க மாட்டார், பக்கத்தில் நிற்பவனின் பையைப் பார்ப்பார். அதனாலேயே வேலைக்கு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. கடைசியாக நின்றவன் போகிற அன்று தன் இரண்டு பைகளையும் வெளியே இழுத்து உதறிக் காட்டினான். "அப்படித்தான் காட்டணும்" என்றார் இவர். அவன் கிண்டல் செய்தான் என்பதே இவருக்குத் தோன்றவில்லை.

ஷெட்டின் கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக நான்கு ஆணிகள். ஆணிக்கு ஒன்றாக நான்கு துணிகள். பழைய தலையணை உறை ஒன்றை நான்காகக் கிழித்தது, மஞ்சள் பூப் போட்டது. எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகிற மேனிபோல்டைக் கழற்றினால் உள்ளே நான்கு துவாரங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், சிலிண்டருக்கு ஒன்று. ஒரு சின்ன வாஷர் அதற்குள் விழுந்தாலும் எஞ்சின் போச்சு. அதனால் நான்கு துவாரத்திலும் நான்கு துணியைத் திணித்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவார். மேனிபோல்டைத் திரும்ப வைத்து மூடுகிற நேரத்தில் நான்கு துணியும் நான்கு ஆணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். விரலால் தொட்டு, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று வாய்விட்டு எண்ணிவிட்டு மூடுவார். இத்தனை வருஷத்தில் அது தவறியதில்லை.

அன்று மூன்று என்று சொல்லும்போதே துணி தீர்ந்துவிட்டது.

வேலை அவருடைய மகளின் காரில். மகள் நர்ஸ். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் ஊசி போடுவாள், புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள். அவளுடைய பழைய கார் தண்ணீர் ஒழுகிச் சூடாகி, எஞ்சினே வெடிப்பு விட்டுவிட்டது. வேறு எஞ்சின் மாற்றுவதைத் தவிர வழியில்லை. அந்த வேறு எஞ்சினைக் கொண்டுவந்தவன் எண்ணிக்கைக்காரரின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கிறவன்.

அவன் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பான். ஒரு வியாபாரிக்கு எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று இவருக்குக் கல்யாணத்தன்றே ஒரு சந்தேகம் விழுந்தது. முப்பத்தெட்டு வருஷமாகியும் அது எழுந்திருக்கவில்லை.

அன்று காலை அவன் தன் வேனில் எஞ்சினைக் கொண்டுவந்து, சங்கிலி பிடித்து, இறக்கி வைக்கவும் உதவினான். அதில் இருந்த மேனிபோல்டு விரிசல் விட்டிருந்ததால், பழைய எஞ்சினில் இருந்ததைக் கழற்றி இதில் மாட்ட வேண்டியிருந்தது. இவர் துணிகளைத் திணித்துவிட்டு, இடையில் ஒட்டிக் கிடந்த பழைய கேஸ்கட் அட்டையைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். மச்சினன் மஞ்சளாக எதிலோ கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அக்கா, அத்தான்கிட்ட எண்ணிக் காட்டிட்டேன். நாலு சிலிண்டரும் சரியா இருக்கு. பின்னாடி ஒண்ணு குறையுதுன்னு என்னைக் கூப்பிடக் கூடாது!"

உள்ளேயிருந்து அக்கா சிரித்தாள். அவன் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அவன் போன பிறகு மூடுகிற நேரத்தில்தான் நான்காவது ஆணி காலி. இவருக்கு அந்த மஞ்சள் ஞாபகம் வந்தது.

"தலையணைத் துணியக்கூட விட்டுவைக்க மாட்டான்" என்று முணுமுணுத்தார். அதோடு மேனிபோல்டை வைத்து இறுக்கினார்.

எஞ்சினை ஓட்டினால் கார் உதறியது. குளிர்காய்ச்சல் கண்டவன் போல, நின்ற இடத்திலேயே உதறியது. பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தால் மூக்கு இரண்டாகத் தெரிந்தது.

மகள் வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா இது, நான் பார்க்கப் போற நோயாளியே தேவலை போலிருக்கே" என்றாள்.

"உன் மாமா வெச்சிருக்கிற பாசம் அப்படி."

"அவர் என்ன பண்ணுவாரு? மாட்டினது நீங்கதானே?"

"மாட்டினது நான். கொடுத்தது யாரு?"

இரண்டு நாள் அதோடு மல்லுக்கு நின்றார். எஞ்சின் ஓடும்போதே ஸ்பார்க் பிளக்குக்குப் போகிற வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். முதலாவதைப் பிடுங்கியதும் எஞ்சின் தொய்ந்தது. இரண்டாவதுக்கும் தொய்ந்தது. நான்காவதுக்கும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினால் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் மூன்றாவது சிலிண்டர் வேலையே செய்யவில்லை. மற்ற மூன்றும் அதையும் சேர்த்துச் சுமக்கின்றன. பிளக்கை மாற்றினார், வயரை மாற்றினார், ஒரு பயனும் இல்லை. கழற்றிய பிளக் காய்ந்து சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்தார், பார்த்ததோடு சரி.

பிறகு பிளக் இருந்த ஓட்டையில் அமுக்க மீட்டரை வைத்து எஞ்சினைச் சுற்ற விட்டார். மற்ற மூன்றிலும் முள் நூற்று அறுபது பக்கத்தில் நின்றது. மூன்றாவதில் எழுபதைத் தாண்டவில்லை. உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார்த்தார். அப்போதும் ஏறவில்லை. பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய்க்கு முள் ஏறியிருக்கும். ஏறாததால் வால்வு கருகிப் போயிருக்கிறது என்று முடிவு கட்டினார்.

முடிவு கட்டியபோது அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதையும் சொல்லத்தான் வேண்டும். முப்பத்தெட்டு வருஷச் சந்தேகத்துக்கு இன்றைக்குத்தான் மீட்டரே சாட்சி சொல்லியிருக்கிறது. கையைக்கூடக் கழுவாமல் மச்சினனின் யார்டுக்குக் கிளம்பினார்.

யார்டு என்றால் ஒரு காலி மனை. பழைய டயர்களின் மேல் எஞ்சின்கள் உட்கார்ந்திருக்கும், மேலே தார்ப்பாய். தரையில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் வர்ணம் காட்டும். மச்சினன் ஒரு வாடிக்கையாளரிடம் ஒரு கியர்பாக்ஸைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி போட்ட மனிதர், கையில் அளவெடுத்து எழுதிய காகிதம். பேச்சு ஏறக்குறைய முடியும் கட்டத்தில் இருந்தது.

"வாங்க அத்தான்! வண்டி எப்படி ஓடுது?"

"ஓடுதா? உதறுது. மூணாவது சிலிண்டர் செத்துக் கிடக்கு. கருகின வால்வை என் தலையில கட்டிட்டு என்னடா இளிப்பு?"

மச்சினனின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை. "இருக்காது அத்தான். அந்த எஞ்சினை வண்டியில இருக்கும்போதே ஓட்டிக் கேட்டேன். நம்ம பொண்ணுக்குன்னுதான் நாலஞ்சு எஞ்சினை ஒதுக்கிட்டு இதைப் பிடிச்சேன்."

"மீட்டர் பொய் சொல்லுதா? எழுபது!"

"எழுபதா? சரி, மூணாவது பிளக் எப்படி இருந்துச்சு, ஈரமாவா, காஞ்சா?"

"எனக்கே வேலை சொல்லித் தர்றியா?"

"இல்ல அத்தான். காஞ்சிருந்தா பெட்ரோலே உள்ள போகலைன்னு அர்த்தம். அதுக்குத்தான்…"

எண்ணிக்கைக்காரர் அவனிடமிருந்து திரும்பிக் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "ஐயா, நீங்க யாரோ எவரோ. எனக்கென்ன வந்துச்சு? ஆனா ஒண்ணு சொல்றேன். சொந்த அக்கா மகளுக்கே ஓட்டை எஞ்சினைக் கொடுத்தவன் உங்களுக்கு என்னத்தைக் கொடுப்பான்னு யோசிச்சுக்கோங்க."

கண்ணாடிக்காரர் கியர்பாக்ஸைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தை நான்காக மடித்தார். "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்றார். அப்படிச் சொல்லிப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

மச்சினன் அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். சண்டைக்கு வருவான் என்று எண்ணிக்கைக்காரர் எதிர்பார்த்தார், அதற்கான பதிலும் தயாராக வைத்திருந்தார். அவன் வரவில்லை.

"என் வேன்ல இருக்கிறதும் அதே எஞ்சின்தான்" என்றான். "அது நல்லா ஓடுதுன்னு உங்களுக்கே தெரியும். நாளைக்குக் காலைல அதைக் கழட்டித் தர்றேன். பொண்ணு நடந்தே அலையுறா, பாவம்."

"அப்போ உனக்கு வேன்?"

"நான் பார்த்துக்கிறேன்."

வெற்றி பெற்று வீடு திரும்பினார். வீட்டில் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. மனைவி தட்டை வைத்த சத்தத்திலேயே யார்டில் நடந்தது அதற்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. கடைசியில் அவள் தண்ணீர் ஊற்றும்போது சொன்னாள்.

"என் தம்பி உங்ககிட்ட ஒருநாளும் நல்ல பேர் வாங்கினதில்ல. அவன் கேட்டதும் இல்ல. ஆனா அடுத்தவங்க முன்னாடி அவன் பேரை எடுத்துட்டீங்க பாருங்க. அதை எந்த ஆணியில கொண்டுபோய் மாட்டுவீங்க?"

"வால்வு கருகியிருக்கு. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"அந்த வால்வை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. பார்க்கவில்லைதான். மறுநாள் காலை எழுந்ததும் ஷெட்டுக்குப் போனதற்கு அந்த ஒரு கேள்விதான் காரணம். உள்ளே விடுகிற வால்வா, வெளியே விடுகிற வால்வா என்று கண்டுபிடித்து, மச்சினனுக்கு மட்டுமில்லை, அவன் அக்காவுக்கும் காட்டிவிட வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. பிஸ்டனை அமுக்கத்தின் உச்சிக்குக் கொண்டுவந்தால் இரண்டு வால்வும் மூடிக்கொள்ளும். பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை உள்ளே அடித்தால், எது ஒழுகுகிறதோ அந்தப் பக்கம் உஸ்ஸென்று கேட்கும். மூன்றாவது சிலிண்டரில் குழாயை மாட்டிக் காற்றைத் திறந்தார். காற்று உள்ளே நுழைகிற கார்பரேட்டர் வாயில் காதை வைத்தார். சத்தமில்லை. பின்னால் போய்க் குனிந்து சைலன்சர் குழாயில் காதை வைத்தார். அங்கேயும் இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து கேட்டார். அங்கே ஏதோ ஒரு பெருமூச்சு, எந்த நல்ல எஞ்சினிலும் இருக்கிற அளவு.

குழாயில்தான் கோளாறு என்று நினைத்தார். கழற்றி ஊதிப் பார்த்தார், குழாய் சரியாக இருந்தது. கம்ப்ரஸர் ஏமாற்றுகிறது என்று நினைத்தார். முதல் சிலிண்டரில் மாட்டிப் பார்த்தார், அங்கேயும் அதே அமைதி. காது மந்தமாகிவிட்டதோ என்று நினைத்தார். பக்கத்து வீட்டில் யாரோ கடுகு தாளிக்கிற சத்தம் துல்லியமாகக் கேட்டது. குழாய், கம்ப்ரஸர், காது என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்தாயிற்று. சந்தேகப்பட இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி.

உள்ளே அடித்த காற்று வெளியே போகவில்லை. வால்வு நன்றாக இருக்கிறது, வளையம் நன்றாக இருக்கிறது. அப்படியும் அமுக்கம் எழுபதுதான் என்றால், ஓடும்போது இந்தச் சிலிண்டருக்குக் காற்றே வந்து சேரவில்லை. காற்று வந்தால்தானே அமுக்குவதற்கு?

பிளக் ஈரமாவா, காஞ்சா என்று அவன் கேட்டான்.

எண்ணிக்கைக்காரர் மெதுவாகத் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். மூன்று துணிகள் தொங்கின. நான்காவது ஆணி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கேஸ்கட்டைச் சுரண்டும்போது மூன்றாவது துணியின் வால் தகட்டில் சிக்கிக்கொண்டே இருந்தது. சிக்கக் கூடாதென்று அதைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினார். இன்னொரு தடவையும் தள்ளினார். பிறகு வெளியே வால் தெரிந்த துணிகளை மட்டும் உருவி எடுத்தார்.

மேனிபோல்டைக் கழற்றினார். அவசரத்தில் ஒரு நட்டு தரையில் விழுந்து உருண்டது. அதைத் தேடவில்லை. டார்ச்சை அடித்து மூன்றாவது துவாரத்துக்குள் பார்த்தார். உள்ளே வளைவில், கறுத்துப்போய், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஒரு மஞ்சள் பூ.

கம்பியை வளைத்துக் கொக்கி செய்து இழுத்தார். ஓரமெல்லாம் நார்நாராகப் பிய்ந்து வந்தது. அது கையில் வந்ததும் அவர் முதலில் செய்தது என்னவென்றால், ஷெட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டதுதான்.

எத்தனை பேர் பையைச் சோதித்த கை அது!

எல்லாவற்றையும் மாட்டி எஞ்சினை ஓட்டினார். மூடியின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் அலை எழும்பாத மாதிரி ஓடியது. அப்படி ஓடுகிற எஞ்சின் சத்தம் கேட்டால் அவருக்கு வாழ்நாளெல்லாம் சந்தோஷமாக இருந்திருக்கிறது. இன்று ஒவ்வொரு சுற்றும் அவரைப் பார்த்து ஏதோ சொல்வது போலிருந்தது. சட்டென்று அணைத்தார்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் மகள் ஓடி வந்தாள்.

"சரியாயிடுச்சா! அப்போ மாமா எஞ்சின் நல்லதுதானா?"

"ஏதோ ஒரு அடைப்பு."

"எங்க?"

"காத்து போற வழியில."

"அது எப்படி வந்துச்சு?"

"வந்துச்சு."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"மாமாவுக்குச் சொல்லிட்டீங்களா? காலைலயே வேன் எஞ்சினைக் கழட்டப் போறதா சொன்னாரே. இந்நேரம் பாதி கழட்டியிருப்பாரு. இருங்க, நான் போன் பண்றேன்."

"போனை வை" என்றார். "நானே போறேன்."

"இந்த வெயில்லயா? கார்லயே கொண்டுபோய் விடறேன் வாங்க."

"நடந்தே போறேன். நீ உன் வேலையைப் பாரு."

யார்டு அரை மணி நேர நடை. அந்த அரை மணியில் அவர் மனசு பார்த்த வேலையை அவரே வேறொருவனிடம் பார்த்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார். வால்வு கொஞ்சம் கருகித்தான் இருந்தது, நானே தேய்ச்சு உட்கார வெச்சுட்டேன், உன் வேன் எஞ்சின் எனக்கு வேண்டாம், போனால் போகட்டும் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் வேனும் தப்பிக்கும், பெருந்தன்மையும் கூட வந்து சேரும். பையில் இருப்பதை வழியில் ஏதாவது சாக்கடையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? இரண்டு சாக்கடைகளைக் கடந்தார். இரண்டின் அருகிலும் நடை தானாகவே மெதுவானது. கை பைக்குள் போய்த் துணியைத் தொட்டுவிட்டு வெறுங்கையாகத் திரும்பியது.

யார்டில் வேனின் முன்பக்கம் திறந்து கிடந்தது. எஞ்சின் சங்கிலியில் ஓரடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மச்சினன் முழங்கைவரை கறுப்பாக நின்றான். வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. நேற்றைய கியர்பாக்ஸ் அதே இடத்தில் இருந்தது.

"இன்னும் அரை மணி நேரம் அத்தான். ஆள் வெச்சு அனுப்பியிருப்பேனே, நீங்க எதுக்கு வெயில்ல?"

"வண்டி சரியாயிடுச்சு."

"அப்படியா? வால்வுதானா?"

பொய்யை அவனே இலையில் வைத்துப் பரிமாறிவிட்டான். ஆமாம் என்று ஒரு சொல் போதும். எண்ணிக்கைக்காரர் வாயைத் திறந்தார். எதிரே அந்த எஞ்சின் சங்கிலியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, யாரோ காரணமில்லாமல் தூக்கில் போட்டது மாதிரி.

பையிலிருந்து துணியை எடுத்து நீட்டினார்.

மச்சினனுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. முகமெல்லாம் மலர்ந்து, வேனின் பக்கவாட்டில் சாய்ந்து அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான். "மூணாவது ஓட்டையிலயா? அத்தான், நீங்களா? எண்ணிக்கைக்காரரா? ஐயோ, இதை அக்காகிட்ட நான்தான் சொல்லுவேன், நீங்க சொல்லிடக் கூடாது!"

அந்தச் சிரிப்பு எண்ணிக்கைக்காரருக்கு ஆறுதலாக இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவனுடைய சிரிப்பு அவருக்குப் பிடித்தது அன்றுதான். அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆனா ஒண்ணு" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நாலு ஆணியையும் எண்ணாம நீங்க மூட மாட்டீங்களே? அன்னிக்கு எண்ணலையா?"

"எண்ணினேன்."

"மூணுதானே இருந்திருக்கும்?"

"மூணுதான் இருந்துச்சு."

"அப்புறம் எப்படி மூடினீங்க?"

எண்ணிக்கைக்காரர் தரையில் தேங்கியிருந்த எண்ணெய்த் தண்ணீரைப் பார்த்தார். துணியை விட்டது கைத்தவறு. எவன் கைக்கும் வரும். அதைச் சொல்ல அரை மணி நேரம் நடந்து வந்துவிட்டார். இதைச் சொல்ல எவ்வளவு தூரம் நடந்திருந்தாலும் போதாது.

"நீ எடுத்துட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன்."

"எதை?"

"இதைத்தான். கையைத் துடைச்சுக்கிட்டு நின்னே. மஞ்சளா தெரிஞ்சுது."

மச்சினன் வேனின் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கண்ணாடியில் அவனுடைய துண்டு தொங்கியது. மஞ்சள் துண்டு. பல வருஷமாக அங்கேதான் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பிய்ந்துபோன துணியைப் பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஒரு கிழிஞ்ச தலையணைத் துணியையா அத்தான்?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டான். எண்ணிக்கைக்காரர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சங்கிலியைப் பிடிங்க, இறக்கிடலாம்" என்றான் மச்சினன். பிடித்தார். எஞ்சின் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இவர் போல்ட்டுகளைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார், அவன் மாட்டினான். வழக்கமாக வாய்விட்டு எண்ணுகிறவர் அன்று ஒன்றைக்கூட எண்ணவில்லை. ஒரு போல்ட் தட்டுக்கு வெளியே கிடந்தது. "அது அங்க இருக்கு அத்தான்" என்று அவன்தான் காட்டினான்.

"நேத்து வந்தாரே, கண்ணாடி போட்டவரு. அவர் வீடு எங்க?"

"தெரியாது. பேர்கூடக் கேட்டுக்கலை."

"தேடிப் பிடிச்சு நானே சொல்லிடறேன்."

"எங்கன்னு தேடுவீங்க? விடுங்க."

"அப்போ என்னைத் திட்டு."

"எதுக்கு?"

"திட்டுடா! நான் பேசின பேச்சுக்கு நீ பதிலுக்கு ஒண்ணும் பேசலை. இப்பவாவது பேசு."

"என்னத்தைப் பேச? தெரியாம நடந்தது. என் மனசுல ஒண்ணும் இல்ல அத்தான். வீட்டுக்குப் போங்க. அக்காவை நான் சமாதானம் பண்ணிக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்புதான், அளவில்கூடக் குறையவில்லை. அவனுடைய கையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டு வேனின் அந்தப் பக்கம் தொங்கியது. எண்ணிக்கைக்காரர் தோளில் கிடந்த பூப்போட்ட துணியை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"இந்தா, துடைச்சுக்கோ."

மச்சினன் துணியைப் பார்த்தான். "பரவால்ல" என்றான். இரண்டு கைகளையும் தன் கால்சட்டையிலேயே, தொடையில் கறை பட, அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

எண்ணிக்கைக்காரர் துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். தெருவில் இறங்கினார். மனசில் ஒன்றும் இல்லையாம். இப்போதெல்லாம் எவனும் வருத்தத்தைக்கூட முகத்துக்கு நேரே காட்டுவதில்லை. சிரித்து மூடிவிடுகிறான். பின்னால் வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான்கு சிலிண்டரும் ஒழுங்காக, ஒன்றுகூடத் தப்பாமல் ஓடின. அது அவருக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் அவன் சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பாமலே நடந்தார்.